வெப்ப அருவியை அளந்த சாடி கார்னோ

போடியிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில் உள்ள ராசிங்காபுரம் என் ஊர். கோழி கூவும் முன்பே என் அன்னையும் அண்டை வீட்டுப் பெண்களும் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு மலைப்பாதை வழியே ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வர். பள்ளி விடுமுறையில் நானும் உடன் சென்றதுண்டு. அங்கே என்னைக் கவர்ந்தது ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர். அடுப்பில் விறகு எரியும். சூடான புகை இரும்புக் குழாய் வழியே அறைக்குள் ஓடி, ஏறத்தாழ 50 டிகிரிச் சூட்டில் காயை உலர்த்திவிட்டுப் புகைபோக்கி வழியே வானில் கலக்கும். வீணாகும் அந்தச் சூட்டைக் கொண்டு ஒரு விளக்காவது எரிக்கலாகாதா என்று அன்று எண்ணினேன். அவ்வினாவுக்கு விடை தந்தவர் நம் மலையைக் கண்டறியாத ஒரு பிரெஞ்சுக்காரர் என்பதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தேன். பாடநூலில் ஒரு படமாகவும் ஒரு சூத்திரமாகவும் மட்டுமே நாம் சந்தித்த சாடி கார்னோவின் வாழ்க்கையை மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

1796ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் பாரிஸ் நகரில் கார்னோ பிறந்தார். தந்தை லசார் கார்னோ பொறியியல் அறிஞர். பிரெஞ்சுப் புரட்சியின் படைகளை உருவாக்கிய தலைவர். பாரசீகக் கவிஞர் சாடியின் மீது கொண்ட பற்றால் மைந்தனுக்கு அப்பெயரையே சூட்டினார். நான்கு வயதுச் சிறுவனாயிருந்தபோது, படகில் சென்ற பெண்கள்மீது நீர் தெறிக்குமாறு நெப்போலியன் கல்லெறிந்து விளையாடியதைக் கண்டு, சாடி கோபத்துடன் அவரை எதிர்த்து நின்றதாகத் தம்பி இப்போலித் எழுதிவைத்துள்ளார். மாவீரன் சிரித்துவிட்டானாம்!

16 வயதில் புகழ்மிக்க எகோல் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். 1814இல் பகைவர் பாரிசை நெருங்கியபோது சக மாணவருடன் வின்சென் கோட்டையருகே போரிட்டார். மறு ஆண்டு நெப்போலியன் வாட்டர்லூவில் வீழ்ந்தான். தந்தை நாடு கடத்தப்பட்டார். மைந்தனுக்கோ படையில் கிடைத்தவை ஊர் ஊராக மாறும் சிறு பணிகளே. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. 1819இல் அரைச் சம்பளத்தில் விடுப்புப் பெற்று, பாரிசில் தங்கி, நீராவி எஞ்சினை ஆராயத் தொடங்கினார்.

அந்நாளில் இங்கிலாந்தின் செல்வமும் வலிமையும் நீராவியால் பெருகின. எஞ்சின்கள் பல ஓடினும், அவற்றிலிருந்து எவ்வளவு வேலை பெற இயலும், அதற்கு எல்லை உண்டா என்பதை எவரும் தெளிவாக அறியவில்லை. கார்னோ அதற்கு விடை கண்டு, 1824இல், தம் 28ஆம் வயதில், நெருப்பின் இயக்கு ஆற்றல் பற்றிய சிறு நூலாகத் தம் செலவிலேயே 600 படிகள் அச்சிட்டார். அது விலைபோகவில்லை.

அந்நூலின் கருத்தை விளக்க நம் மாவட்டமே போதும். பெரியாற்று நீர் மலையைக் கடந்து குழாய்களில் இறங்கி லோயர் கேம்ப்பில் மின்சாரம் தருகிறது. நீர் எவ்வளவு, அது விழும் உயரம் எவ்வளவு என்பவையே ஆற்றலை முடிவு செய்கின்றன. வெப்பமும் அவ்வாறே சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்கு இறங்கும்போதுதான் வேலை செய்கிறது என்றார் கார்னோ. இடையே உழைக்கும் பொருள் நீராவியா, காற்றா, சாராய ஆவியா என்பது உச்ச எல்லையை மாற்றாது. மேல் வெப்பநிலையும் கீழ் வெப்பநிலையுமே அதை வரையறுக்கின்றன.

இந்த ஒரு கருத்து என் குடும்பத்தைக் காத்த கதையையும் இங்கே சொல்ல வேண்டும். என் தாய்மாமன் மலையில் தோட்டமும் ஸ்டோரும் குத்தகைக்கு எடுத்திருந்தார். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, அயல்நாட்டுத் திரவம் நிரப்பிய சிறு டர்பைன் ஒன்று இருப்பதாகவும், 100 டிகிரிச் சூட்டில் வரும் வெப்பத்தில் பாதியை அது மின்சாரமாக்கும் என்றும் ஆசை காட்டினார். அத்தையின் நகையை அடகு வைக்க மாமா ஆயத்தமானார். நான் கார்னோவைத் துணைக்கு அழைத்தேன். 100 டிகிரியோடு 273ஐக் கூட்டினால் 373. வெளிக்காற்றின் 30 டிகிரியோடு கூட்டினால் 303. வேறுபாடு 70. அதை 373ஆல் வகுத்தால் நூற்றுக்கு 19 பங்குக்கும் குறைவு. தேய்வே இல்லாத கற்பனை எஞ்சினுக்கே எல்லை அது. உண்மை எந்திரம் பத்துப் பங்கு தந்தாலே பெரிது. பாதி கிடைக்கும் என்பது எந்தத் திரவத்தாலும் நடவாத காரியம். கணக்கைத் தாளில் கண்ட மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நகை மட்டும் வீட்டிலேயே தங்கிற்று.

அதனால் அத்தகைய டர்பைனே பொய் என்று நண்பர்கள் எண்ணிவிடலாகாது. நீர் கொதிக்க 100 டிகிரி வேண்டும்; பென்டேன் என்னும் கரிமத் திரவமோ 36 டிகிரியிலேயே கொதிக்கும். எனவே மிதமான சூட்டிலும் அதன் ஆவி டர்பைனைச் சுழற்றும். 1967இல் சோவியத் நாட்டின் பராதுங்காவில் 81 டிகிரி வெந்நீர் ஊற்றைக் கொண்டு மின்சாரம் எடுத்தனர். ஆந்திரத்தின் தாடிபத்ரியில் சிமெண்டு ஆலையின் கழிவு வெப்பத்திற்கு இத்தகைய டர்பைன் பொருத்தப்பட்டது. ஓயாமல் பெருவெப்பம் கழியும் இடங்களில் பத்துப் பங்கும் பெருஞ்செல்வமே. திரவம் கார்னோவின் எல்லையை உயர்த்துவதில்லை. சிறிய வெப்ப வீழ்ச்சியையும் பயன்படுத்த வழி செய்கிறது. அவ்வளவே.

கார்னோவின் முடிவு நெஞ்சை உருக்குவது. வெப்பம் அழியாத ஒரு பாய்பொருள் என்று நூலில் கொண்ட கருத்தை அவரே பின்னர் ஐயுற்றார்; வெப்பம் என்பது இயக்கமே என்று உணர்ந்து தம் குறிப்பேட்டில் கணக்கிட்டும் வைத்தார். அதற்குள் 1832இல் செங்காய்ச்சல் கண்டது; சித்தம் கலங்கிற்று; ஆகஸ்டு 24ஆம் நாள் வாந்திபேதி அவரைக் கொண்டுபோயிற்று. வயது 36. நோய் பரவும் என்ற அச்சத்தால் உடைமைகளோடு பெரும்பாலான தாள்களும் அழிந்தன. தப்பிய சில குறிப்புகளைத் தம்பி காத்து, 1878இல் உலகுக்கு அளித்தார். இதனிடையே 1834இல் கிளாபைரான் அந்நூலின் கருத்தை எடுத்துரைத்தார். பின்னாளில் கெல்வின் பாரிசின் புத்தகக் கடைகளில் தேடியும் ஒரு படி கிடைக்கவில்லை. எனினும் கெல்வினும் கிளாசியசும் அக்கருத்தின்மீதே வெப்ப இயக்கவியலைக் கட்டியெழுப்பினர்.

மாமா இப்போது மின்சாரக் கனவை விட்டுவிட்டார். புகைக்குழாயை அறைக்குள் இன்னொரு சுற்றுச் சுற்றவிட்டிருக்கிறார். வெளியேறிய சூடு காயையே உலர்த்துகிறது, விறகும் குறைந்திருக்கிறது. வெப்பத்தை வெப்பமாகவே பயன்படுத்தும்போது பத்துப் பங்கு என்ற தளை இல்லையன்றோ! விலைபோகாத ஒரு நூல், இருநூறு ஆண்டு கடந்து, ராசிங்காபுரத்துக் குடும்பம் ஒன்றின் நகையைக் காத்தது. அதை எழுதிய இளைஞருக்கு இக்கட்டுரை என் எளிய நன்றி.