பச்சிலையின் உழைப்பை அளந்த பேரறிஞர்

1858-ஆம் ஆண்டு மைமன்சிங்கில் பிறந்த ஜகதீச சந்திர போஸ், 1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். வெள்ளையருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதனிற் குறைந்த சம்பளம் என்பது அந்நாளைய முறை. அவர் வேலையை விடவில்லை. மூன்றாண்டுகள் சம்பளத்தைத் தொடாமலே கற்பித்தார். முடிவில் முழுச் சம்பளமும் பாக்கியுடன் வந்தது.

அவ்வுறுதியையே ஆராய்ச்சியிலும் காட்டினார். பச்சிலை, கதிரொளியின் துணையால் நீரையும் கரியமிலவாயுவையும் உணவாக்கிப் பிராணவாயுவை வெளிவிடுகிறது. ஹைட்ரில்லா என்னும் நீர்ப்பூண்டு விடும் குமிழிகளைத் தானே குறிக்கும் கருவியொன்றை அமைத்து, 1924-இல் நூல் வெளியிட்டார். கோடையில் அப்பூண்டு வேறு வழியில் உணவு சமைப்பதையும், அதில் மாலிக் அமிலத்துக்குள்ள பங்கையும் கண்டார். அதையொத்த வழி கரும்பில் உண்டென்பது 1960-களில்தான் தெளிவாயிற்று. இன்று அவ்வழியை நெல்லில் அமைத்து விளைவைப் பெருக்க அறிஞர் முயல்கின்றனர்.

1937-இல் போஸ் மறைந்தார். அன்று சம்பளப் பாக்கி வந்தது போலவே, இப்பெருமையும் காலந்தாழ்த்தே வந்து சேர்ந்தது.