யாழும் பள்ளிக்கூடமும்: விபுலாநந்த அடிகளார் நினைவு

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வீதியில் தெற்கே போனால் சாய்ந்தமருதையும் மாளிகைக்காட்டையும் கடந்ததும் காரைதீவு வரும். அடுத்த ஊர் நிந்தவூர். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் வேலியோடு வேலியாக அமைந்த இந்தக் கரையிலே, காரைதீவில், 1892 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27 ஆம் திகதி பிறந்தவர் மயில்வாகனன். சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியரின் புதல்வரான அவரைத்தான் பிற்காலத்தில் தமிழுலகம் சுவாமி விபுலாநந்தர் என்று அறிந்துகொண்டது.

காரைதீவு கண்ணகை அம்மன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். வைகாசியில் குளிர்த்திச் சடங்கு வரும். கண்ணகி வழக்குரை பாடப்படும். ஊரார் தெய்வமாகக் கும்பிட்ட கண்ணகியின் கதையை அடிகளார் காவியமாகவும் கற்றார். இளமையில் கேட்ட அந்தக் கதையே சிலப்பதிகார ஆராய்ச்சியாக அவர் வாழ்நாளின் கடைசிவரை கூட வந்தது.

குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் ஏடு தொடங்கிய அவர், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். பதினாறு வயதில் கேம்பிரிஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றபின் விஞ்ஞானத்தில் நாட்டம் கொண்டு, 1916 இல் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் சித்தியடைந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே லண்டன் பி.எஸ்ஸி. பட்டத்தையும் பெற்று, 1920 இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

மதிப்பும் வருமானமும் கைக்கு வந்த அந்த வேளையில்தான் அவர் அனைத்தையும் துறந்தார். 1922 இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924 சித்திரைப் பௌர்ணமியில் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். காட்டுக்குப் போவதற்காக அவர் காவி உடுத்தவில்லை. 1925 இல் இலங்கைக்குத் திரும்பி, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். 1929 இல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார்.

ஆண் பிள்ளைகள் படித்தால் போதும் என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. அடிகளார் காரைதீவில் பெண் பிள்ளைகளுக்காகவும் ஒரு பாடசாலை அமைவதற்குப் பாடுபட்டார். அதற்கு வைத்த பெயர் சாரதா வித்தியாலயம். இராமகிருஷ்ணரின் துணைவியாரான அன்னை சாரதா தேவியாரை நினைவுகூரும் பெயர் அது. இந்தக் கரையோரத்தில் பெண்கள் படிக்கும் எந்தப் பாடசாலையின் கதையைச் சொன்னாலும், அவரைப் போல முன்னே நடந்தவர்களை நன்றியோடு நினைக்க வேண்டும்.

1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. பகலில் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்ன அவர், அயலிலிருந்த திருவேட்களம் சேரிக்கும் சென்று பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். அந்நாளில் உயர்ந்த பதவியிலிருந்தவர்கள் கால் வைக்கத் தயங்கிய இடம் அது. பண்டிதருக்கும் சேரிப் பிள்ளைக்கும் அவர் கொடுத்த தமிழ் ஒன்றுதான்.

அவர் மனம் நிறைய இசை இருந்தது. மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பாலத்தடியே பூரணை இரவுகளில் எழும் ஓசையை மீன் பாடுவதாக எம்மவர் சொல்வதுண்டு. அடிகளார் அதைக் காதுகொடுத்துக் கேட்டார்; நீரர மகளிர் பாடுவதாகக் கவிதையும் எழுதினார். பழந்தமிழர் வாசித்த யாழ் அக்காலத்தில் எங்குமே இல்லை. பெயர் மட்டும் ஏடுகளில் கிடந்தது. பேரியாழுக்கு 21 நரம்பு, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 என்று பழைய உரைகள் கூறின. வாசித்துக் காட்டத்தான் ஆளில்லை.

அந்த யாழை மீட்க அவர் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்துக்கொண்டார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு சுரங்களின் அளவுகளையும் கணக்கிட்டார். நரம்பின் நீளம் பாதியானால் ஒலி ஒரு தாயி மேலே ஏறும். மூன்றில் இரண்டானால் பஞ்சமம் பிறக்கும். இவ்வாறான பௌதிகக் கணக்கைப் பண்டிதரின் படிப்போடு சேர்த்தார். கொழும்பில் கற்ற விஞ்ஞானமும் மதுரைச் சங்கத்துத் தமிழும் இங்கேதான் ஒன்றாகின. அந்த உழைப்பின் பயன் யாழ்நூல்.

அந்த நூல் விரைவில் முடிந்துவிடவில்லை. இடையிலே பாடசாலைகளின் நிர்வாகம் இருந்தது. தமிழ்நாட்டில் கலைச்சொல்லாக்கப் பணி இருந்தது. இமயமலையில் மாயாவதி ஆச்சிரமத்தில் பிரபுத்த பாரத சஞ்சிகையின் ஆசிரியப் பொறுப்பு இருந்தது. 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவியும் வந்தது. கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லாததால் நூல் காத்திருந்தது, உடலும் தளர்ந்தது.

அக்காலத்தில் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றியவர் ஏ. எம். ஏ. அஸீஸ். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். அடிகளாரோடு அவருக்கு நெருங்கிய நட்பு உண்டாயிற்று. தமிழின் மேலும் கல்விப் பணியின் மேலும் அவருக்கிருந்த பற்று அந்த நட்பால் வலுப்பெற்றது. கல்முனைப் பகுதி முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்காக முயன்ற அஸீஸ், 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தோற்றுவித்தார். 1948 இல் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார். வறிய பிள்ளைகள் பலர் அந்த நிதியின் உதவியோடு பல்கலைக்கழகம் சென்றனர். மெதடிஸ்தரும் கத்தோலிக்கரும் கற்பித்த ஓர் இந்துத் துறவி, ஒரு முஸ்லிம் அதிகாரியின் கல்விப் பணிக்குத் தோழரானார். இந்தக் கரையில் பின்னர் வந்த கசப்பான நாள்களை அறிந்த எமக்கு இது வெறும் பழங்கதையன்று.

யாழ்நூல் 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5, 6 ஆம் திகதிகளில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவோடு, தஞ்சைப் பகுதியிலுள்ள திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடிகளாரின் கணக்குப்படி செய்த யாழ் அங்கே ஒலித்தது. பல நூற்றாண்டுகள் மௌனமாயிருந்த நரம்புகளைச் சபையார் கேட்டனர். ஆறு வாரங்கள் சென்றன. ஜூலை 19 ஆம் திகதி கொழும்பில் அடிகளார் இறையடி சேர்ந்தார். அவருக்கு வயது 55. தாம் கட்டிய சிவானந்த வித்தியாலய வளவிலேயே, மரநிழலில், சமாதி கொண்டார்.

பாடசாலைகளைச் சுமக்காதிருந்தால் அவர் இன்னும் பல நூல்கள் தந்திருப்பார் என்று வருந்துவோர் உண்டு. அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் சேரிப் பிள்ளையின் கையில் எழுத்தைக் கொடுத்ததையும் தொலைந்த யாழைத் தேடி எடுத்ததையும் அவர் இரண்டு வேலைகளாக எண்ணினார் என்று தோன்றவில்லை. மறக்கப்பட்டதை மீட்டுக் கொடுப்பதே இரண்டிலும் அவர் செய்தது.

பழைய மாணவிகளாகிய நாம் இன்று பல ஊர்களிலும் பல நாடுகளிலும் வாழ்கிறோம். கல்லடிப் பக்கம் போகும்போது ஒரு முறை அந்தச் சமாதியருகே நின்று வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். படித்ததைத் திருப்பிக் கொடுத்த ஒருவர் இந்த மண்ணிலே பிறந்தார் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.