அந்நிய மண்ணில் அன்னை உம்மு ஹபீபா (ரலி)

ஈமானைக் காத்துக் கொள்வதற்காக ஊரையும் உறவையும் துறந்து கடல் கடந்த பெண்மணிகள் இஸ்லாமிய வரலாற்றின் முதல் ஏடுகளிலேயே இடம் பெற்றிருக்கின்றனர். அவர்களுள் அந்நிய நாட்டின் தனிமையைத் துளித்துளியாக அனுபவித்தவர்கள் அன்னை உம்மு ஹபீபா (ரலி) அவர்கள். கணவனோடு சபர் சென்றோ, பிழைப்பை நாடிச் சென்றோ வெளிநாடுகளில் வாழும் நம் சகோதரிகள் மனம் சோர்ந்து போகும் வேளையில் நினைத்துப் பார்க்க வேண்டிய வாழ்க்கை இது. ஊரில் இருக்கும் அவர்களது வீட்டாரோ இதை இன்னும் அதிகமாக அறிந்திருக்க வேண்டும்.

அன்னையின் இயற்பெயர் ரம்லா. தந்தை குறைஷிகளின் பெருந்தலைவர்களுள் ஒருவரான அபூஸுப்யான். தாயார் ஸஃபிய்யா, ஹழ்ரத் உதுமான் (ரலி) அவர்களின் தந்தையுடன் பிறந்தவர். செல்வமும் செல்வாக்கும் நிறைந்த வீட்டில் வளர்ந்த ரம்லா, பெருமானார் (ஸல்) அவர்களின் மாமி மகனான உபைதுல்லாஹ் இப்னு ஜஹ்ஷுக்கு வாழ்க்கைப்பட்டார்கள். மணமக்கள் இருவரும் ஆரம்ப காலத்திலேயே இஸ்லாத்தைத் தழுவினர். தந்தையோ இஸ்லாத்தின் கடும் எதிரியாக நின்றார். சொந்த வீடே பகையாகிப் போன நிலையில், அபிசீனியாவுக்கு நடைபெற்ற இரண்டாவது ஹிஜ்ரத்தில் கணவருடன் புறப்பட்டார்கள். 80க்கு மேற்பட்ட ஆண்களும் 18 அல்லது 19 பெண்களும் சென்ற பயணம் அது. ஹபீபா என்ற பெண்மகவின் பெயராலேயே அன்னையவர்கள் உம்மு ஹபீபா என்று அழைக்கப்படலானார்கள்.

அபிசீனியாவில் நஜ்ஜாஷி மன்னரின் நீதியான ஆட்சி இருந்தது. உயிருக்கு அச்சமில்லை, தொழுகைக்குத் தடையில்லை. ஆயினும் மொழி வேறு, மார்க்கம் வேறு, பழக்க வழக்கங்கள் வேறு. பாதுகாப்பு கிடைத்து விட்டால் மன அமைதியும் தானாகக் கிடைத்து விடும் என்று நாம் எண்ணுகிறோம். அன்னையின் வாழ்வு அப்படி அமையவில்லை.

அந்நிய மண்ணில் ஒரு பெண்ணுக்கு இருக்கும் ஒரே துணை அவளுடைய கணவன். அந்தத் துணையே கை நழுவியது. உபைதுல்லாஹ் அங்கே கிறிஸ்தவ மதத்தைத் தழுவி, மதுவில் மூழ்கி, அந்நிலையிலேயே இறந்து போனார் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதுகின்றனர். அவர் மதம் மாறினார் என்ற செய்தியின் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியாயினும், அவர் அங்கேயே மாண்டார், அன்னையவர்கள் கைம்பெண்ணாய் நின்றார்கள் என்பதில் ஐயமில்லை.

சகோதரிகளே! அந்த நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மக்காவுக்குத் திரும்பலாமென்றால் அங்கே ஈமானுக்கு இடமில்லை. ஹிஜ்ரி 2இல் (கி.பி. 624) பத்ருப் போரில் உடன்பிறந்த சகோதரர் ஹன்ழலா எதிரிப்படையில் நின்று கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு உஹதுக் களத்திற்கு முஸ்லிம்களை எதிர்த்துப் படை நடத்தி வந்தவர் பெற்ற தந்தை. மதீனாவோ கடலுக்கும் பாலைவனத்திற்கும் அப்பால் இருந்தது. கணவனில்லை, பெற்றோரில்லை, திரும்பிப் போக ஒரு வீடில்லை. கையில் இருந்ததெல்லாம் ஒரு மகளும் ஈமானும்தான்.

இந்த வேளையில் அன்னையவர்களைத் தாங்கி நின்றது எது? முதலாவது, அல்லாஹ்வின் மீதிருந்த நம்பிக்கை. இரண்டாவதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஹழ்ரத் ஜஅஃபர் (ரலி) அவர்களும், அவர்களுடைய மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களும், மற்ற முஹாஜிர்களும் அங்கே ஒரு ஜமாஅத்தாக வாழ்ந்தார்கள். அஸ்மா (ரலி) அவர்கள் மூன்று ஆண்மக்களை அந்த மண்ணிலேதான் ஈன்றெடுத்தார்கள். தாய்வீட்டின் அரவணைப்பின்றிப் பிள்ளை பெறுவது எத்தகையது என்பது நம் சபுராளி வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

இத்தா முடிந்ததும் அன்னையின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வந்தவர் நஜ்ஜாஷியின் பணிப்பெண் அப்ரஹா. அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் தங்களைப் பெண் கேட்டு மன்னருக்கு எழுதியிருக்கிறார்கள், தங்கள் சார்பில் ஒரு வகீலை நியமியுங்கள் என்ற செய்தியைக் கொண்டு வந்திருந்தார். அன்னையின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. அணிந்திருந்த வெள்ளிக் காப்புகளையும் மோதிரங்களையும் கழற்றி அப்பெண்ணுக்கே கொடுத்து விட்டார்கள். தம் குலத்தவரான ஹழ்ரத் காலித் இப்னு ஸயீத் (ரலி) அவர்களை வகீலாக்கினார்கள். மன்னரே 400 தீனார் மஹர் கொடுத்து நிகாஹை நடத்தி, வந்தோருக்கு விருந்தும் அளித்தார் என்று இப்னு ஸஅத் பதிவு செய்திருக்கிறார். 4000 திர்ஹம் என்ற அறிவிப்பும் உண்டு.

இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. அனுதாபத்துக்குரிய ஓர் அநாதரவாக அண்ணலார் (ஸல்) அவர்கள் அன்னையவர்களை நடத்தவில்லை. சம்மதம் கேட்கப்பட்டது, வகீலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுக்கப்பட்டது, மஹர் அவர்கள் கையிலேயே சேர்ந்தது. நொந்த உள்ளத்துக்கு ஆறுதல் வார்த்தை மட்டும் போதாது, மரியாதையும் வேண்டும்.

மஹர் வந்ததும் அன்னையவர்கள் அப்ரஹாவை அழைத்து 50 மித்கால் பொன்னைக் கொடுத்தார்கள். அப்பெண்ணோ அதை ஏற்காமல், முன்பு பெற்ற நகைகளையும் திருப்பித் தந்து விட்டார். அவர் வேண்டியது ஒன்றே ஒன்று: பெருமானாருக்குத் தம் ஸலாமைச் சொல்ல வேண்டும். மறுநாள் மன்னரின் மனைவியர் கொடுத்த அகிலும் அம்பரும் பிற நறுமணப் பொருள்களும் கொண்டு வந்தார். அந்நிய நாட்டு அரண்மனையில் ஊழியம் செய்த ஒரு பெண், தனித்திருந்த அன்னைக்குத் தோழியாக அமைந்தார். அந்த ஸலாம் மறக்கப்படவில்லை. மதீனா சேர்ந்ததும் பெருமானாரிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஹிஜ்ரி 7இல் (கி.பி. 628) அன்னையவர்கள் மதீனா வந்தார்கள். ஏறத்தாழ 12 ஆண்டு கால அந்நிய வாழ்வு முடிந்தது. அந்த ஆண்டிலேயே அஸ்மா (ரலி) அவர்களும் வந்து சேர்ந்தார்கள். ஹிஜ்ரத்தில் நாங்கள் உங்களை முந்தி விட்டோம் என்று ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் சொன்னபோது, அஸ்மா (ரலி) அவர்களுக்குக் கோபம் வந்தது. நீங்கள் நபியவர்களின் அருகில் இருந்தீர்கள். நாங்களோ தொலைவான பகை மண்ணில் அஞ்சி வாழ்ந்தோம் என்று கூறி, அதைப் பெருமானாரிடமே முறையிட்டார்கள். பெருமானார் அந்த முறையீட்டைக் கடிந்து கொள்ளவில்லை. கப்பலில் வந்தோருக்கு இரண்டு ஹிஜ்ரத்துகளின் நன்மை உண்டென நற்செய்தி கூறினார்கள். கடல் கடந்தவர்களின் மன வேதனைக்கு நபியவர்களின் சபையில் கிடைத்த மதிப்பு அது.

பின்னாளில் தந்தை அபூஸுப்யான் இஸ்லாத்தைத் தழுவினார். அவர் மறைந்த செய்தி கிடைத்தபோது, மூன்றாம் நாள் அன்னையவர்கள் நறுமணத்தை வரவழைத்துப் பூசிக் கொண்டார்கள். அதில் தமக்கு நாட்டமில்லை என்றும், கணவனுக்கன்றி வேறெவருக்கும் மூன்று நாட்களுக்கு மேல் துக்கம் அனுஷ்டிக்கலாகாது என்று நபியவர்கள் கூறியதாலேயே அப்படிச் செய்வதாகவும் சொன்னார்கள். உள்ளத்துத் துயரத்தை மார்க்கம் தடை செய்யவில்லை. துயரத்திலேயே முடங்கி விடாமல் எழுந்து நிற்க ஒரு வழி வகுத்தது.

தினமும் 12 ரக்அத் சுன்னத் தொழுபவருக்குச் சுவனத்தில் ஒரு வீடு கட்டப்படும் என்ற நபிமொழியை அறிவித்தவர்களும் இந்த அன்னையே. அதைக் கேட்ட நாள் முதல் அத்தொழுகையை அவர்கள் விட்டதேயில்லை. நெடுநாள் சொந்த வீடின்றி வாழ்ந்தவர்களுக்கு அந்த வாக்குறுதி எவ்வளவு இனித்திருக்கும்!

ஹிஜ்ரி 44இல் (கி.பி. 664) மதீனாவில் மறுமையை அடைந்தார்கள். இறுதி வேளையில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை அழைத்து, சக்களத்திகளிடையே நேர்ந்திருக்கக் கூடியவற்றை மன்னிக்கும்படி வேண்டினார்கள். ஆயிஷா (ரலி) மன்னித்து துஆச் செய்ய, அன்னையின் உள்ளம் குளிர்ந்தது. உம்மு ஸலமா (ரலி) அவர்களிடமும் அவ்வாறே வேண்டிக் கொண்டார்கள்.

வெளிநாட்டில் வாழும் பெண் அழுதால், அவளுக்கு என்ன குறை, கை நிறையச் சம்பளம் இல்லையா, ஈமான் பலவீனமாகி விட்டதா என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. ஈமானுக்காகவே எல்லாவற்றையும் இழந்தவர்களும் தனிமையில் வருந்தினார்கள் என்பதை அவர்கள் உணர வேண்டும். தொலைபேசியில் பேசும்போது பணத்தைப் பற்றி மட்டும் கேளாமல், தூங்கினாயா, சாப்பிட்டாயா, பேச்சுத் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். கணவன்மார்களே! மனைவி அண்டை வீட்டுப் பெண்களோடு பழகவும், மார்க்க மஜ்லிஸுக்குச் செல்லவும் வழி செய்யுங்கள். அங்கே கணவனை இழந்து அல்லது கைவிடப்பட்டு ஒரு பெண் திரும்பி வந்தால், அவளை அபசகுனமாக நோக்காதீர்கள்.

சகோதரிகளே! தொழுகையையும் துஆவையும் விடாதீர்கள். அத்துடன், உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். வாழ்வே வேண்டாமென்ற எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். உடனே அருகிலுள்ள ஒருவரிடம் சொல்லி மருத்துவரை நாடுங்கள். நோய்க்கு மருந்து தேடும்படி நபியவர்கள் ஏவியிருக்கிறார்கள். உள்ளத்தின் நோயும் நோய்தான். மருந்து தேடுவது தவக்குலுக்கு மாறானதன்று.

அன்னையவர்களுக்கு அந்நிய மண்ணில் ஆறுதல் அளித்த வல்ல அல்லாஹ், தூர தேசங்களில் தனித்து வாழும் நம் பெண்மக்களின் உள்ளங்களுக்கும் அமைதியை அருள்வானாக! ஆமீன்.