மாசி வீதியில் ஓடும் சித்திரைத் தேர்

மாசி மகம் வந்துவிட்டால் லூமுட் படகுத்துறையில் கால் வைக்க இடமிருக்காது. பேராக் மாநிலத்தின் பல ஊர்களிலிருந்தும் வரும் நம்மவர்கள் பெர்ரி ஏறி, பங்கோர் தீவின் பத்திரகாளியம்மன் ஆலயத்திற்குச் செல்வார்கள். மாசியில் நடப்பதால் அது மாசி மகம். அதில் குழப்பம் ஏதும் இல்லை.

ஆனால் மதுரைக்குப் போனால் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. அங்கே மீனாட்சியம்மனின் தேர் ஓடுவது சித்திரை மாதத்தில். அந்தத் தேர் ஓடும் வீதிகளின் பெயரோ மாசி வீதிகள்! அதே ஊரில் சித்திரை வீதி என்ற பெயரிலும் நான்கு வீதிகள் உள்ளன. பின் ஏன் தேர் அங்கே ஓடவில்லை? இந்தக் கேள்விக்கு விடை ஒரு மன்னரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர்தான் திருமலை நாயக்கர்.

மாணவர்களே, மன்னரைப் பார்க்கும் முன் அவருடைய ஊரைப் பார்த்துவிடுவோம். மதுரையின் நடுவில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில். கோயில் மதிலுக்குள்ளேயே ஆடி வீதிகள். மதிலுக்கு வெளியே சித்திரை வீதிகள், அவற்றைச் சுற்றி ஆவணி மூல வீதிகள், அதற்கும் வெளியே மாசி வீதிகள். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி வைத்ததுபோல் சதுரம் சதுரமாக அமைந்த ஊர் அது. எந்த மாதத் திருவிழாவில் சாமி எந்த வீதியில் உலா வந்தாரோ, அந்த மாதமே அந்த வீதிக்குப் பெயரானது. இந்த அமைப்பை 16ஆம் நூற்றாண்டில் சீர்செய்து, கோட்டையும் கட்டியவர் மதுரையில் நாயக்கர் ஆட்சியைத் தொடங்கிவைத்த விசுவநாத நாயக்கர் என்று கூறப்படுகிறது.

அவருடைய வழித்தோன்றலே திருமலை நாயக்கர். 1623ஆம் ஆண்டு, அண்ணன் முத்து வீரப்ப நாயக்கருக்குப் பின் அவர் அரியணை ஏறினார். அப்போது தலைநகரம் திருச்சிராப்பள்ளி. அதை அவர் மதுரைக்கு மாற்றினார். தீராத சளி நோயால் வருந்திய அவருடைய கனவில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தோன்றி, மதுரைக்கு வந்தால் நோய் தீரும் என்று அருளியதாக மக்கள் கதை சொல்வார்கள். கதை எப்படியானாலும், அந்த முடிவு மதுரையின் தலையெழுத்தையே மாற்றியது.

மதுரைக்கு வந்தவர் கட்டத் தொடங்கினார். 1636இல் அரண்மனை எழுந்தது. கோயிலுக்குக் கிழக்கே வசந்த விழாவுக்காகப் புது மண்டபம் எழுந்தது. அதற்கும் கிழக்கே, எல்லாக் கோபுரங்களையும் மிஞ்சும் வகையில் ராய கோபுரம் தொடங்கப்பட்டது. நகருக்குக் கிழக்கே வண்டியூரில் பெரிய தெப்பக்குளம் வெட்டப்பட்டது. அரண்மனைக்குச் செங்கல் அறுக்க அங்கே மண் எடுத்ததாகவும், அந்தப் பள்ளமே குளமானதாகவும் சொல்வார்கள். மன்னரின் பிறந்த நட்சத்திரம் பூசம். அதனால் தைப்பூச நாளில் அங்கே தெப்பத் திருவிழா நடக்கிறது. நாம் காவடி எடுக்கும் அதே நாளில், மதுரையில் மீனாட்சி தெப்பத்தில் வலம் வருகிறாள்.

ஆனால் அவர் செய்த மிகப் பெரிய வேலைக்குச் செங்கல்லும் தேவைப்படவில்லை, சுண்ணாம்பும் தேவைப்படவில்லை. அதுதான் திருவிழாவை மாற்றியது.

அவருக்கு முன்பு மீனாட்சி திருக்கல்யாணமும் தேரோட்டமும் மாசி மாதத்தில் நடந்தன. தேர் ஓடிய வீதிகள் மாசி வீதிகள் ஆயின. மதுரைக்குச் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அழகர்கோயிலுக்கோ சித்திரைப் பௌர்ணமியில் தனித் திருவிழா. அழகர் மலையை விட்டு இறங்கி, தேனூர் அருகே வைகை ஆற்றில் எழுந்தருளுவார். ஒன்று சைவத் திருவிழா, மற்றொன்று வைணவத் திருவிழா. ஒன்றுக்கு நகரத்து மக்கள், மற்றொன்றுக்குக் கிராமத்து மக்கள்.

திருமலை நாயக்கர் மாசித் திருவிழாவைச் சித்திரைக்கு நகர்த்தி, அழகர் ஆற்றில் இறங்கும் இடத்தையும் மதுரைக்குக் கொண்டுவந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். சித்திரையில் அறுவடை முடிந்து உழவர்கள் ஓய்வாக இருப்பார்கள். கையில் கொஞ்சம் காசும் இருக்கும். தேர் இழுக்க ஆளுக்குப் பஞ்சம் இல்லை. தங்கை மீனாட்சியின் திருமணத்திற்கு அண்ணன் அழகர் சீர்வரிசையோடு வருகிறார், அதற்குள் திருமணம் முடிந்துவிட்டதால் ஊருக்குள் வராமல் வண்டியூர் போய்விடுகிறார் என்ற கதை இரண்டு விழாக்களையும் சேர்த்துத் தைத்துவிட்டது. அன்று ஒன்றான திருவிழா இன்றும் பல லட்சம் மக்களை வைகைக் கரையில் கூட்டுகிறது.

மாதம் மாறியது. ஆனால் தேர் பழகிய தடத்தை விடவில்லை. வீதியும் தன் பெயரை விடவில்லை. ஆகவேதான் சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடுகிறது. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் நடந்த ஒரு மாற்றத்தின் சாட்சியாக அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது.

திருமலை நாயக்கரின் வாழ்க்கை முழுவதும் திருவிழாவாக இருக்கவில்லை. விஜயநகரப் பேரரசரோடு பகைத்துக்கொண்டு சுல்தான்களின் உதவியை நாடினார். முடிவில் பீஜப்பூர் சுல்தானுக்கே கப்பம் கட்ட வேண்டியதாயிற்று. ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் மைசூர்ப் படை உள்ளே புகுந்து, பிடிபட்டவர்களின் மூக்கை அறுத்தது. மூக்கறுப்புப் போர் என்று அழைக்கப்படும் அந்தக் கொடுமையின்போது, இராமநாதபுரத்துச் சேதுபதியின் படை வந்துதான் மதுரையைக் காத்தது. போருக்கும் கட்டடங்களுக்கும் ஆன செலவு குடிமக்களின் முதுகில்தான் ஏறியது. 36 ஆண்டுகள் ஆண்ட அவர் 1659இல் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற கட்டடங்கள் என்னவாயின? ராய கோபுரம் அடித்தளத்தோடு நின்றுவிட்டது. அரண்மனையின் பெரும்பகுதியை அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கரே இடித்து, தூண்களையும் வேலைப்பாடுகளையும் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோனார். இன்று நாம் காண்பது ஏறத்தாழ கால் பங்குதான். அதுவும் 19ஆம் நூற்றாண்டில் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு பழுது பார்த்ததால் பிழைத்தது. நகரைச் சுற்றியிருந்த கோட்டையும் நிற்கவில்லை. அதே நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து, அகழியைத் தூர்த்தார். அந்த இடத்தில் வெளி வீதிகள் உருவாயின. மதில் போனாலும், அது நின்ற சதுரம் தெருவாகத் தங்கிவிட்டது.

இது மதுரைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரம் 1257இல் திட்டமிடப்பட்டது. நடுவில் பெரிய சதுரச் சந்தைத் திடல், அதிலிருந்து நேர்க்கோடாகப் பிரியும் தெருக்கள். அங்கேயும் 19ஆம் நூற்றாண்டில் மதிலில் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. மதில் நின்ற வளையம் இன்று பூங்காவாகப் பழைய நகரைச் சுற்றிக் கிடக்கிறது. மதுரையில் தெரு, கிராக்கோவில் பூங்கா. கல்லை அகற்றிவிடலாம். மக்கள் நடந்து பழகிய தடத்தை அகற்றுவது அவ்வளவு எளிதல்ல.

நம் ஊர்களிலும் இப்படிப்பட்ட தடங்கள் இருக்கின்றன. இந்நாடு மைல் கணக்கை விட்டுக் கிலோமீட்டருக்கு மாறிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் நம் தாத்தா பாட்டிகள் இன்னும் நாலாங்கட்டை, எட்டாங்கட்டை என்றுதான் இடம் சொல்கிறார்கள். மைல்கல்லைக் காணோம், பெயர் இருக்கிறது. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்த இடங்களையும், லயங்கள் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்த இடங்களையும் பழைய தோட்டத்தின் பெயராலேயே அழைக்கிறோம். லூமுட் என்ற பெயருக்கே மலாயில் பாசி என்று பொருள்.

ஆனால் மதுரைக்கு ஒரு பலம் உண்டு. ஆண்டுதோறும் தேர் ஓடுவதால் அதன் வீதிகளின் பெயர் மறக்காது. நம் தோட்டங்களின் பெயர்களை நினைவூட்ட எந்தத் தேரும் ஓடுவதில்லை. அவற்றை அறிந்தவர்களோ ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். அடுத்த பள்ளி விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் வீட்டுப் பெரியவர்களின் அருகில் அமருங்கள். அவர்கள் வாழ்ந்த இடங்களின் பழைய பெயர்களையும், அவை ஏன் வந்தன என்பதையும் கேட்டு எழுதிவையுங்கள். அரண்மனை கட்டிய மன்னரின் கதையையே ஒரு தெருப் பெயர்தான் நமக்குச் சொன்னது என்பதை மறந்துவிடாதீர்கள்.