‘ரிசீவர்’ மக்கர் பண்ணியும் விடாத ஜகதீஷ் சந்திர போஸ்: ரிமோட் கன்ட்ரோலின் முன்கதை

நெய்வேலி டவுன்ஷிப்பிலோ மேல்பட்டாம்பாக்கத்திலோ, பையன் கையில் ரிமோட் கார் திடீரென நின்றுபோனால் முதலில் பேட்டரியைப் பார்ப்போம். அடுத்து ஆன்டெனா. அதுவும் சரியென்றால் சந்தேகம் காருக்குள் இருக்கும் ரிசீவர் மேல்தான். இதே தலைவலியோடு 130 ஆண்டுகளுக்கு முன்பே கொல்கத்தாவில் ஒருத்தர் மல்லுக்கட்டினார். அவர் ஜகதீஷ் சந்திர போஸ்.

சம்பளம் வாங்காத வாத்தியார்

1858 நவம்பர் 30-ல் வங்காளத்தில் பிறந்தவர். லண்டன், கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1885-ல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். ஐரோப்பியர்களைவிடக் குறைவான சம்பளம் தந்ததால் மூன்று ஆண்டுகள் அதைத் தொடவே இல்லை. அப்பாவின் கடன் கழுத்தை நெரித்த காலம் அது. ஆனாலும் ஒருநாளும் பாடம் நடத்தாமல் இருக்கவில்லை. கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்து, முழுச் சம்பளத்தையும் முன்தேதியிட்டுக் கொடுத்தது.

சுவரைத் தாண்டி அடித்த மணி

1895-ல் கொல்கத்தா டவுன் ஹாலில் ஒரு செயல்விளக்கம். போஸ் அனுப்பிய அலைகள் சுவர்களைக் கடந்து போய், வேறொரு அறையில் மணியை ஒலிக்கச் செய்தன, வெடிமருந்தையும் வெடிக்கவைத்தன. நடுவில் கம்பி கிடையாது. ரிமோட் கன்ட்ரோலின் அடிப்படையே இதுதான்.

இன்றைய ரிமோட் கார்கள் பல 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. போஸோ 5 மில்லிமீட்டர் அலைநீளம் வரை, அதாவது சுமார் 60 ஜிகாஹெர்ட்ஸ் வரை போய்விட்டார்!

சிக்கல் எங்கே?

அன்றைய ரிசீவரின் பெயர் ‘கோஹியரர்’. கண்ணாடிக் குழாய்க்குள் உலோகத் துகள்கள். அலை பட்டதும் துகள்கள் ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் பாயும். அதோடு சரி, தானாகப் பிரியாது. அடுத்த சிக்னலுக்குக் குழாயைத் தட்டிவிடணும். போதாததற்கு வங்காளத்தின் ஈரக்காற்றில் உலோகம் துருப்பிடிக்கும்.

போஸ் துகள்களைத் தூக்கிப்போட்டார். பதிலுக்குச் சின்னச் சின்ன எஃகு ஸ்பிரிங்குகளை ஒரு பள்ளத்தில் வரிசையாக அடுக்கி, ஒரு திருகால் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தார். மின்னழுத்தத்தையும் தேவைக்கேற்ப மாற்றினார். 1899-ல், தட்டாமலே பழைய நிலைக்குத் திரும்பும் பாதரச ரிசீவரை அறிவித்தார். கலீனா படிகத்தை வைத்து அவர் செய்த டிடெக்டருக்கு 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதுவும் நண்பர்கள் வற்புறுத்தியதால்தான். கண்டுபிடிப்பைக் காசாக்குவதில் அவருக்கு விருப்பமே இல்லை.

பழுதே பாதை காட்டியது

ரிசீவரில் இன்னொரு விநோதமும் தெரிந்தது. தொடர்ந்து வேலை வாங்கினால் அதன் உணர்திறன் குறையும்; ஓய்வு கொடுத்தால் திரும்பும். உலோகத்துக்கும் களைப்பு வருமா என்ற கேள்வி அவரைத் தாவரங்கள் பக்கம் திருப்பிவிட்டது. செடியின் வளர்ச்சியைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவி பின்னால் வந்தது.

1917-ல் கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1920-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1937 நவம்பர் 23-ல் காலமானார். வேறொருவராக இருந்தால் எரிச்சலோடு தள்ளிவைத்திருக்கக்கூடிய ஒரு பழுதுதான், அவருக்கு இரண்டாவது ஆராய்ச்சி வாழ்க்கையையே திறந்துவிட்டது.