கேலன்

சின்னாசியாவிலுள்ள பேர்கமம் என்னும் நகரிற் கி.பி. 129 ஆம் ஆண்டிற் பிறந்தவர் கேலன். தந்தையார் கட்டடக் கலைஞர், கணிதத்திலும் வல்லவர். தாம் கண்ட கனவொன்றின் ஏவலால் அவர் மகனைப் பதினாறாம் வயதளவில் வைத்தியக் கல்வியிற் புகுத்தினார். ஸ்மிர்னா, கொறிந்து, அலெக்சாந்திரியா ஆகிய நகரங்களிற் கற்று மீண்ட கேலன், 157 ஆம் ஆண்டளவிற் பேர்கமத்து வாட்போர் வீரருக்கு வைத்தியரானார். மனிதப் பிணத்தை அறுத்துக் கற்கும் வழக்கம் அங்கு இல்லாமையால், குரங்குகளையும் பன்றிகளையுமே அறுத்து ஆராய்ந்தார். கைகளின் உள்ளமைப்பை வீரரின் வெட்டுக்காயங்களும் அவருக்குக் காட்டின.

162 இல் அவர் உரோமாபுரி சேர்ந்தார். அங்கே அவரிடம் வந்த நோயாளருள் ஒருவர் சிரியா தேசத்து நாவலராகிய பவுசானியாஸ். இவருக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் நடுவிரலிற் பாதியும் உணர்ச்சி குன்றியிருந்தன. முன்பு பார்த்த வைத்தியர்கள் விரல்களிலேயே மருந்து பூசி வந்தனர், நோய் நீங்கிற்றில்லை. கேலனோ, எங்கேனும் அடிபட்டதுண்டோ என்று வினவினார். வண்டியிலிருந்து வீழ்ந்து முதுகின் மேற்பகுதியில் அடிபட்டமை அப்போதுதான் வெளியாயிற்று. கழுத்தின் ஏழாம் முள்ளெலும்பின் கீழே முண்ணாணிலிருந்து புறப்படும் நரம்பே அவ்விரல்களை அடைகின்றது என்பதை அறிந்திருந்த அவர், மருந்தை முள்ளந்தண்டின் மேல் இடுவித்தார். விரல்கள் குணமடைந்தன. அசைவு கெடாதிருக்க உணர்ச்சி மாத்திரம் கெட்டது எவ்வாறு என வைத்தியர்கள் தடுமாறினர். தசைக்குச் செல்லும் நரம்புக் கிளை வேறு, தோலுக்குச் செல்வது வேறு என அவர் விளக்கினார்.

முழங்கையின் உட்புற மேட்டைச் சுவரில் இடித்துச் சுண்டுவிரல்வரை விறுவிறுப்பு ஓடக் கண்ட மாணவர் பலர் இருப்பர். அங்கே இடிபடுவது அரந்தி நரம்பு. அது மாத்திரம் பழுதுற்றால், உணர்ச்சிக்கேடு பெரும்பாலும் மோதிரவிரலின் பாதியோடு நின்றுவிடும். நடுவிரலையும் தொட்டமையால், ஊறு மேலே எட்டாம் கழுத்து நரம்பின் வேரில் என இன்றைய வைத்தியரும் ஐயுறுவர். குணமாக்கியது மருந்தோ, நாட்சென்று நரம்பு தானே தேறியதோ, அது வேறு விடயம். இடத்தைக் கண்டறிந்தமையே அருமை.

தம் வெற்றிகளைத் தாமே விரித்தெழுதும் குணம் கேலனிடம் மிகுதி. அடக்கத்தை அவரிடம் தேடுதல் வீண். விலங்குகளிற் கண்டதை மனிதருக்கும் ஏற்றியதால் நேர்ந்த பிழைகளும் பல. அவற்றுட் பலவற்றை வெசாலியஸ் 1543 இல் வெளியிட்ட நூலே திருத்திற்று.

மார்க்கஸ் ஒறேலியஸ் சக்கரவர்த்தியின் வைத்தியராகவும் விளங்கிய கேலனின் ஏடுகள் பல, 192 ஆம் ஆண்டு உரோமாபுரித் தீயிற் சாம்பலாயின. உடலறுவை முறைகளைக் கூறும் பெருநூலின் இறுதிப் பகுதிகளை முதுமையில் மீண்டும் எழுதினார். முண்ணாண் நரம்புகளைக் கூறும் பகுதியும் அவற்றுள் ஒன்று. அதன் கிரேக்க மூலம் பின்னர் மறைந்தொழிய, அரபு மொழிபெயர்ப்பே எஞ்சி நமக்குக் கிடைத்துள்ளது.