குருவி காட்டிய வழி

நீலகிரியில், ஊட்டிக்கு அருகே கிளென்மார்கன் என்று ஓர் ஊர் இருக்கிறது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். நடுநடுவே சோலைக்காடு. பக்கத்தில் ஓர் அணை. பனி விலகிப் பொழுது புலரும்போது, அங்கே பறவைகளின் கச்சேரி தொடங்கிவிடும்.

தேயிலைச் செடியின் மேல் கொண்டைக்குருவி உட்கார்ந்து குரல் கொடுக்கும். சோலைக்குள் இருந்து யாரோ சிரிப்பது போலச் சத்தம் வரும். சிரிப்பது மனிதர் அல்ல. நீலகிரி சிரிப்பான் என்ற பறவை. நீலகிரி மலைப் பகுதியைத் தவிர, உலகில் வேறு எங்கும் இந்தப் பறவை கிடையாது.

கோடிக்கணக்கான மக்கள் இப்படிப்பட்ட பறவைகளைப் பார்த்தும் பாராமல் போகிறார்கள். நின்று பார்க்கும்படி நாட்டுக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். அவர்தான் சலீம் அலி.

தாய் தந்தை இல்லாத பிள்ளை

சலீம் அலி 1896-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி பம்பாயில் (இப்போது மும்பை) பிறந்தார். அவருக்கு ஒரு வயது ஆனபோது தந்தை இறந்தார். மூன்று வயதில் தாயும் போய்விட்டார். தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜி, அந்தப் பிள்ளைகளை எல்லாம் தன் வீட்டில் வைத்து வளர்த்தார்.

மாமா வேட்டைப் பிரியர். மருமகனுக்கும் துப்பாக்கி ஆசை வந்தது. சிறுவனுக்கு ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் குருவி சுடுவதுதான் வேலை.

ஒருநாள் சிறுவன் சுட்டு வீழ்த்திய குருவி, பார்க்கச் சிட்டுக்குருவி போலத்தான் இருந்தது. ஆனால், அதன் தொண்டையில் மஞ்சள் தீற்றல் ஒன்று தெரிந்தது. இதைச் சாப்பிடலாமா, கூடாதா என்று சிறுவனுக்குச் சந்தேகம். மாமாவிடம் ஓடினான். மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார்.

சங்கத்தின் செயலாளர் மில்லார்டு என்ற வெள்ளைக்காரர். சிறுவன் நடுங்கிக்கொண்டே போனான். அவரோ அன்பாக வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். பெட்டி பெட்டியாகப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் திறந்து காட்டினார்.

இத்தனை வகையா என்று சிறுவன் வியந்து நின்றான். செத்துப்போன ஒரு குருவி, அவனுடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்டது.

பட்டம் இல்லை

பாதை திரும்பியதே தவிர, அந்தப் பாதையில் முள் அதிகம்.

கல்லூரிப் படிப்பு அவருக்கு ஒத்துவரவில்லை. பாதியில் விட்டுவிட்டு, குடும்பத் தொழிலைக் கவனிக்கப் பர்மாவுக்குப் போனார். அங்கேயும் தொழிலைவிடக் காட்டுப் பறவைகள்தான் அவரை அதிகம் கவர்ந்தன. 1917-ல் பம்பாய்க்குத் திரும்பினார். 1918-ல் தெஹ்மினா என்ற பெண்ணை மணந்தார்.

பறவை ஆராய்ச்சி வேலை ஒன்றுக்கு முயன்றார். பட்டம் இல்லை என்பதால் கிடைக்கவில்லை. 1926-ல் பம்பாய்ப் பொருட்காட்சி சாலையில், பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை அமைந்தது. மாதம் 350 ரூபாய் சம்பளம். அந்தக் காலத்தில் அது நல்ல சம்பளம்.

ஆனாலும் முறையாகக் கற்க வேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை. லீவு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போனார். பெர்லின் நகரில் ஸ்ட்ரெஸ்மன் என்ற பேரறிஞரிடம் பயின்றார்.

1930-ல் திரும்பி வந்தார். வேலை காத்திருக்கவில்லை. பணம் இல்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள்!

தூக்கணாங்குருவிப் பாடம்

வேலையும் இல்லை; வருமானமும் இல்லை. பட்டணத்தில் வாழ்வது கடினம். கணவனும் மனைவியும் கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குக் குடிபோனார்கள்.

அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேறு யாராக இருந்தாலும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். சலீம் அலி குருவிகளைப் பார்க்க உட்கார்ந்தார். நாள்தோறும், மணிக்கணக்காகப் பார்த்தார். பார்த்ததை எல்லாம் குறித்து வைத்தார்.

ஓர் அதிசயம் வெளிப்பட்டது. ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண் குருவி வந்து உள்ளே புகுந்து பார்க்கிறது. பிடித்தால்தான் குடிவருகிறது. அதன் பிறகே ஆண் குருவி கூட்டைக் கட்டி முடிக்கிறது. முட்டை இட்டுப் பெண் அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் அடுத்த கூட்டைக் கட்டப் போய்விடுகிறது!

அந்தக் குறிப்புகளைக் கட்டுரையாக எழுதினார். அது அவருக்குப் புகழ் தந்தது. வேலை போன காலமே விதை விதைத்த காலம் ஆயிற்று.

நீலகிரியில் சலீம் அலி

பிறகு அவர் நீலகிரிக்கு வந்தார். ராணுவ டாக்டராக இருந்த கே. எம். அனந்தன் என்பவர் அழைப்பின் பேரில், கோத்தகிரியில் சில மாதங்கள் தங்கினார்.

கோத்தகிரியில் உள்ள லாங்வுட் சோலை இன்றும் பறவைகளின் கோட்டை. பரப்பளவு 116 ஹெக்டேர்தான். ஆனால், உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் வரிசையில் 2024-ல் அதற்கு இடம் கிடைத்தது.

பின்னர், சமஸ்தானங்களில் என்னென்ன பறவைகள் உள்ளன என்று கணக்கெடுக்க அவர் முன்வந்தார். கூலி வேண்டாம், செலவை மட்டும் கொடுத்தால் போதும் என்பது ஏற்பாடு. ஐதராபாத் முடிந்தது. 1933-ல் திருவிதாங்கூர், கொச்சி. கூடாரத்தில் வாசம், மாட்டு வண்டியில் பயணம். ஆராய்ச்சிக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேகரிப்பதும் உண்டு. அந்நாளில் அதுதான் முறை. ஆனால், உயிருள்ள பறவை எப்படி வாழ்கிறது என்பதுதான் அவருக்கு முக்கியம்.

சென்ற இடம் எல்லாம் தெஹ்மினா உடன் சென்றார். வசதியாக வளர்ந்த அந்தப் பெண், காட்டில் குடித்தனம் நடத்தினார்.

1939-ல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பின் தெஹ்மினா காலமானார். சலீம் அலி இடிந்துபோனார். தங்குவதற்குச் சகோதரியின் வீடு கிடைத்தது. மனதுக்கு ஆறுதலாக வேலை ஒன்றுதான் இருந்தது.

காக்கை அளவா? மைனா அளவா?

1941-ல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய புத்தகம் வெளிவந்தது. சாதாரண மக்களுக்காக எழுதிய புத்தகம் அது. பறவையின் அளவைச் சொல்ல, அவர் நாம் அறிந்த பறவைகளையே அளவுகோலாக வைத்தார். சிட்டுக்குருவி அளவு, மைனா அளவு, காக்கை அளவு என்று எழுதினார்.

பறவை பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதுவே முதல் பாடம். காலையில் ஓரிடத்தில் அசையாமல் நில்லுங்கள். பறவை எந்த அளவு என்று பாருங்கள். அலகு நீளமா, குட்டையா? வால் எப்படி? தரையில் மேய்கிறதா, கிளையில் தாவுகிறதா? நாளும் இடமும் போட்டு நோட்டில் எழுதுங்கள். தூரக்கண்ணாடி பிறகு வாங்கிக்கொள்ளலாம். கூட்டை மட்டும் தொடாதீர்கள்.

கிளென்மார்கனில் இருப்பவர்கள் காட்டுக்குள் போகத் தேவை இல்லை. அங்கே காட்டெருமையும் இருக்கும். வாசல் வேலியிலும் தேயிலைத் தோட்டத்துச் சாலை ஓரத்திலும் போதுமான பறவைகள் உண்டு. குளிர்காலத்தில் வாலை ஆட்டியபடி நீரோரம் நடக்கும் வாலாட்டிக் குருவி, இமயமலைப் பக்கம் இருந்து வந்த விருந்தாளி!

பட்டம் தேடி வந்தது

பட்டம் இல்லாதவர் என்று ஒதுக்கப்பட்டவருக்குப் பின்னாளில் பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டம் அளித்தன. 1958-ல் பத்மபூஷண், 1976-ல் பத்மவிபூஷண் விருதுகள் வந்தன. 1985-ல் ராஜ்யசபை உறுப்பினர் ஆனார். சர்வதேசப் பரிசாகக் கிடைத்த பெரும் தொகையை, சிறுவயதில் தனக்குக் கதவைத் திறந்த அதே சங்கத்துக்குக் கொடுத்தார்.

1987-ம் ஆண்டு ஜூன் மாதம் 20-ந் தேதி, 90-வது வயதில் சலீம் அலி மறைந்தார். கோவைக்கு அருகே ஆனைகட்டியில், 1990-ல் தொடங்கிய பறவை ஆராய்ச்சி மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்று அந்தச் சிறுவன் குருவியின் தொண்டையில் இருந்த மஞ்சள் தீற்றலைக் கவனிக்காமல் விட்டிருந்தால், குருவி அன்றைக்கே குழம்பாகி இருக்கும். கவனித்தான், கேட்டான். அவ்வளவுதான்.

நாளைக் காலை உங்கள் வீட்டு வேலியில் ஒரு குருவி வந்து உட்காரும். அதன் தொண்டை என்ன நிறம் என்று பாருங்கள்.